சித்தூர்ப் பகுதியில் நீதி அலுவலர் பெயர்களும் விளிமுறைகளும்

1. முன்னுரை

தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் நிலப்பகுதி சித்தூர். 1911 ஏப்ரல் முதல் நாள் தனி மாவட்டமாகும் வரை அவ்வூர் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது. 1953 இல் இம்மாவட்டம் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960 இல் திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்திற்கு மாறியது. 2022 இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இம்மாற்றங்களினூடே நீதி அலுவலர்தம் பதவிப் பெயர்களும் மாறி வந்துள்ளன. பழைய ஆவணங்களை மொழிபெயர்ப்போர் இக்காலப் பெயர்களை அவற்றின்மேல் ஏற்றுதல் பொருந்தாது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகிறது.

2. முன்சீப் என்னும் பெயர்

‘முன்சீப்’ என்பது அரபுச் சொல். பாதி என்னும் பொருளுடைய ‘நிஸ்ஃப்’ என்பதோடு வேர்த்தொடர்புடையது; சரிபாதியாகப் பகிர்வோன், ஆகவே நியாயம் செய்வோன் என விரியும். சென்னை மாகாணத்தில் 1816 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் இப்பெயரை இருநிலை அலுவலர்க்கு வழங்கின. மாவட்ட முன்சீப் முறையான உரிமையியல் நீதிபதி. கிராம முன்சீப் ஊர்த்தலைவர். சிறுதொகை வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரமும் பெற்றிருந்தவர்.

மாவட்ட முன்சீப் பதவி பெருமதிப்புடையது. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் பெயரோடு அது பிரிக்கவொண்ணாது கலந்துவிட்டது. கிராம முன்சீப்போ நாளடைவில் பெரிதும் வரி தண்டும் அலுவலராகவே அறியப்பட்டார். வழக்குத் தீர்க்கும் பணி அருகிய பின்னரும் பெயர் நிலைத்தது. இப்பதவி தமிழ்நாட்டில் 1980 இலும் ஆந்திரத்தில் 1984 இலும் ஒழிக்கப்பட்டது.

எனவே, கிராம முன்சீப் கையொப்பமிட்ட கிஸ்து இரசீதை ‘கிராம நீதிபதி வழங்கியது’ என மொழிபெயர்த்தால், வரி செலுத்தியதற்கான சான்று தீர்ப்பின் தோற்றத்தைப் பெற்றுவிடும். நிலவுரிமை வழக்கில் இது சிறு பிழையன்று.

3. நியாயமும் நீதியும்

விவிலியத்தின் ஒரு நூல் தமிழில் ‘நியாயாதிபதிகள்’ எனவும் தெலுங்கில் ‘நியாயாதிபதுலு’ எனவும் வழங்குகிறது. இருமொழிக்கும் ஒருகாலத்தில் சொல் பொதுவாயிருந்தமைக்கு இது சான்று. பின்னர்த் தமிழ் ‘நீதி’ என்பதையே பெரிதும் தழுவி நீதிபதி, நீதியரசர் என்றது. தெலுங்கு நியாயமூர்த்தி, நியாயாதிகாரி என ‘நியாய’ வழியிலேயே நின்றது. இலங்கைத் தமிழில் மாஜிஸ்திரேட்டு ‘நீதவான்’ ஆவார். தமிழ்நாட்டில் அவரே ‘நீதித்துறை நடுவர்’. ‘நடு’ என்னும் அடியில் பிறந்த இச்சொல், பாதி என்னும் கருத்தில் பிறந்த முன்சீப்புக்கே பொருளளவில் நெருங்கியது. ஆட்சித்தமிழோ அதனை வேறொரு பதவிக்கு உரிமையாக்கியது. சொற்பிறப்பு மட்டுமே கலைச்சொல்லைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

4. விளிமுறைகள்

மாகாண அரசின் ஆங்கில ஏடுகளில் இந்திய அலுவலர் பெயருக்கு முன் ‘மகாராஜராஜஸ்ரீ’ என்பதன் சுருக்கமும், பெயருக்குப் பின் தமிழராயின் ‘அவர்கள்’ என்பதும் தெலுங்கராயின் ‘காரு’ என்பதும் இடம்பெற்றன. ஆங்கிலத் தொடருக்குள்ளும் அலுவலரின் மொழியை அறிவிக்கும் குறி இது. தமிழாக்குவோர் இரண்டையும் ‘அவர்கள்’ என்றே எழுதினால், இருமொழி மாவட்டமொன்றின் சமூக வரலாற்றுக்கு உதவும் தடயம் மறைந்துபோகும்.

நேர்முக விளியும் மாறியுள்ளது. ‘மை லார்டு’ என்பதைக் குடியேற்ற ஆட்சியின் எச்சமெனக் கருதிய இந்திய வழக்கறிஞர் மன்றம், 2006 இல் வகுத்த விதியில், உயர் நீதிமன்றங்களுக்கும் உச்ச நீதிமன்றத்திற்கும் ‘யுவர் ஆனர்’ முதலியவற்றையும், கீழமை நீதிமன்றங்களுக்கு ‘சார்’ அல்லது அதற்கு நிகரான வட்டார மொழிச் சொல்லையும் பரிந்துரைத்தது. சித்தூரில் அந்நிகர்ச்சொல்லைத் தேடி வருந்த வேண்டியதில்லை: தமிழில் ‘ஐயா’, தெலுங்கில் ‘அய்யா’.

5. முடிவுரை

ஆந்திரத்தில் மாவட்ட முன்சீப் என்னும் பெயர் மறைந்து சிவில் நீதிபதி என்பது வழக்காயிற்று. நாடெங்கும் பதவிப் பெயர்கள் ஒருமைப்படவேண்டுமென 1991 இல் உச்ச நீதிமன்றம் பணித்தது நிருவாகத்திற்கு ஏற்றதே. ஆயினும் அவ்வொருமையைப் பழைய ஆவணங்கள் மீது திணித்தல் தகாது. பதவிப் பெயரை ஒலிபெயர்த்து, முதன்முறை வருமிடத்தில் அக்காலப் பணியை விளக்குவதும், மரியாதை விகுதிகளை உள்ளவாறே காப்பதும் மொழிபெயர்ப்பாளர்தம் கடமையெனலாம்.