கையூட்டு இல்லாத அநீதி: முறைமன்ற நடுவரின் வேலை எது?

நாஜிக் கொடுமைக்கு ஆளான பிரிட்டானியர்களுக்காக 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி மேற்கு ஜெர்மனி இழப்பீட்டுத் தொகை வழங்கியது. ஸாக்ஸன்ஹவுஸனில் அடைபட்டிருந்த 12 பேருக்கு அதில் பங்கு தர பிரிட்டனின் வெளியுறவு அமைச்சகம் மறுத்துவிட்டது. அவர்கள் இருந்த கட்டடங்களை வதைமுகாமின் பகுதியாகக் கொள்ள முடியாது என்பது அதிகாரிகளின் வாதம். யாரும் கையூட்டு வாங்கவில்லை. கோப்பு ஒழுங்காகவே இருந்தது.

1967-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நாடாளுமன்ற ஆணையர் எட்மண்ட் காம்ப்டனிடம், ஏரி நீவ் என்ற உறுப்பினர் வழியாக இந்தப் புகார் சென்றது. காம்ப்டன் அந்தக் கோப்பை வரவழைத்துப் படித்தார். முதல் முடிவு போதிய சான்றில்லாமல் எடுக்கப்பட்டிருந்தது. பிறகு வந்த சான்றுகளை எடைபோடுவதை விட்டு, எடுத்த முடிவைக் காப்பதிலேயே துறை முனைந்திருந்தது. அமைச்சர் ஜார்ஜ் பிரவுனுக்கு அந்த அறிக்கையில் உடன்பாடில்லை. ஆனாலும் பணம் கொடுத்தார். காம்ப்டனுக்கு ஆணையிடும் அதிகாரம் கிடையாது என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது.

காம்ப்டன் போன்ற முறைமன்ற நடுவருக்கு (ஆம்புட்ஸ்மன்) உரிய வேலை இதுதான் என்பது என் வாதம். ஊழலைப் பிடிப்பது வேறு வேலை. மொரார்ஜி தேசாய் தலைமையிலான நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 1966-இல் லோக்பால், லோக் ஆயுக்தாவைப் பரிந்துரைத்தபோது, ஊழல் புகாரோடு குடிமக்களின் குறைகளையும் மனத்தில் கொண்டிருந்தது. மகாராஷ்டிரத்தின் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இரண்டுக்கும் இடமிருந்தது. 2013-இல் நாடாளுமன்றம் இயற்றிய லோக்பால் சட்டத்தில் ஊழல் மட்டுமே மிஞ்சியது. தமிழ்நாட்டின் 2018-ஆம் ஆண்டு லோக் ஆயுக்தா சட்டமும் அதே வழியில் போனது. உள்ளாட்சிகளுக்கு மட்டும் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி முறைமன்ற நடுவர் உண்டு. வட்டாட்சியர் அலுவலகம் அவருடைய எல்லைக்குள் வராது.

பட்டா மாறுதல் காரணமின்றி நிராகரிக்கப்பட்டவர் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குப் போகிறார். மனுவுக்கு எண் விழுகிறது, ஒப்புகைச் சீட்டும் கிடைக்கிறது. ‘உரிய நடவடிக்கைக்காக’ அந்த மனு போய்ச் சேருவது அதே வட்டாட்சியரிடம். அங்கிருந்து வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர் என இறங்கி, பழைய காரணத்தையே சுமந்துகொண்டு மேலேறுகிறது. யார்மீது புகாரோ அவரே பதில் எழுதுகிறார். கணினியில் ‘தீர்வு செய்யப்பட்டது’ என்று பதிவாகிவிடுகிறது.

நீதிமன்றம் இருக்கிறதே என்று கேட்கலாம். ரிட் மனு போட்டால் பல வேளைகளில் கிடைப்பது, மனுவைக் குறித்த வாரங்களுக்குள் ‘பரிசீலிக்க’ வேண்டும் என்ற உத்தரவு. பரிசீலித்து மறுபடி நிராகரித்தாலும் உத்தரவு நிறைவேறியதாகிவிடும். இத்தகைய தெளிவற்ற உத்தரவுகளால் விளையும் குழப்பத்தை ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கொன்றில் 2006-இல் உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டியது. தகவல் உரிமைச் சட்டத்தில் கோப்பின் நகலை வாங்கலாம். அந்தக் கோப்பில் நடந்தது நியாயமா என்று சொல்ல அதில் ஆளில்லை.

ஆணையிட முடியாதவர் சொல்லை யார் கேட்பார்கள் என்பது வலுவான எதிர்வாதம். கர்நாடகத்தில் போதிய அதிகாரமில்லை என்று லோக் ஆயுக்தா சந்தோஷ் ஹெக்டே 2010-இல் பதவி விலகல் கடிதமே கொடுத்தார். பிறகுதான் திரும்பப் பெற்றார். ஆனால் பிரவுனைப் பணியவைத்தது காம்ப்டனின் தனி அதிகாரமன்று. அவர் அறிக்கைக்குப் பின்னால் நாடாளுமன்றம் நின்றது. ஆணையரின் அறிக்கைகளை ஆராயவே பிரிட்டன் மக்களவையில் ஒரு தெரிவுக் குழு இருந்தது. நம் சட்டமன்றத்திலும் மனுக்கள் குழு இருக்கிறது. அதற்காகத் துறைக் கோப்புகளை வரவழைத்துப் படிக்கும் நிரந்தர அலுவலர் ஒருவரைச் சட்டத்தின் மூலம் அமர்த்தி, அவர் அறிக்கைக்குத் துறைச் செயலர் குழுவின் முன் நேரில் விளக்கம் தரவேண்டும் என்று விதிக்கலாம்.

அந்தப் பதவிக்கு ஓய்வுபெற்ற நீதிபதிதான் வேண்டும் என்பதில்லை. (நம் ஊரில் எந்த ஆணையம் அமைத்தாலும் முதலில் அவர் பெயர்தான் பேச்சில் அடிபடும்.) காம்ப்டன் நீதிபதியல்லர், ஆணையராகும் முன் பிரிட்டனின் தலைமைத் தணிக்கையாளராக இருந்தவர். ஒரு குறிப்புக்கும் அடுத்த குறிப்புக்கும் இடையே காரணம் எங்கே நழுவியது என்று பார்ப்பது தணிக்கையாளருக்குப் பழகிய வேலை. மாநிலக் கணக்காயர் அலுவலகங்களில் அத்தகையவர்கள் ஆண்டுதோறும் ஓய்வு பெறுகிறார்கள்.