வாடையும் புயலும்

நம் பகுதியின் காற்று என்றவுடன் நினைவில் வீசுவது ஆனி, ஆடித் திங்கள்களில் செங்கோட்டைக் கணவாயைக் கடந்து குற்றாலச் சாரலைச் சுமந்துவரும் மேல்காற்றே. அதனைப் பாடாத கவிஞர் நம் வட்டத்தில் ஒருவரும் இலர். கார்த்திகை, மார்கழியில் வரும் காற்றையோ பாடியவர் சிலரே.

தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும் பிரித்தறிந்தவர் நம் முன்னோர். பனிக்காலத்தில் ஆசியப் பெருநிலத்தின் வடபகுதி குளிர்ந்து இறுகுவதால் அங்கிருந்து காற்று தெற்கு நோக்கி நகர்கிறது என்பது இன்றைய வானிலை நூலார் கூற்று. வங்கக் கடலைக் கடக்கையில் அது ஈரம் பெறுகிறது. நக்கீரரின் நெடுநல்வாடையில் அக்குளிரால் கோவலர் நடுங்குகின்றனர், குரங்குகள் கூனிக் குறுகுகின்றன, பாசறையில் விளக்குச் சுடர்கள் சாய்கின்றன. பிரிந்த அரசிக்கு நெடியதாகிய வாடை, போர்மேற் சென்ற அரசனுக்கு நல்லதாகிறது. ஆயினும் அந்த வாடை வருத்துமேயன்றி ஊரை அழிப்பதில்லை.

அழிக்கும் காற்றைப் பழந்தமிழ் சூறை என்றது, கடுவளி என்றது. இன்று நாம் வழங்கும் ‘புயல்’ அன்று முகிலையும் மழையையுமே குறித்தது. திருக்குறளின் வான்சிறப்பிலும் அப்பொருளே. புயல் என்பதற்கு முகில் என்று உரை சொல்லும்போது என் மாணவியர் ஒவ்வோர் ஆண்டும் திகைப்பர். உழவனுக்கு வாழ்வாக இருந்த சொல் அச்சச் சொல்லாயிற்று.

அவ்வச்சத்தின் முழுப்பொருளைத் தமிழகம் கண்டது 1964-ஆம் ஆண்டு மார்கழியில். டிசம்பர் 17 அன்று அந்தமானுக்குத் தெற்கே தோன்றிய தாழ்வு மண்டலம் வலுத்து, 22-ஆம் நாள் இலங்கையின் வவுனியாவைக் கடந்து, அன்றிரவே தனுஷ்கோடியைத் தாக்கிற்று. காற்றின் வேகம் மணிக்கு 280 கி.மீ. வரை இருந்ததாக மதிப்பிட்டனர். பாம்பனிலிருந்து நள்ளிரவுக்குச் சற்று முன் 11.55 மணிக்குப் புறப்பட்ட 653-ஆம் எண் பயணியர் வண்டி தனுஷ்கோடியை நெருங்கியபோது கைகாட்டி விழவில்லை. ஓட்டுநர் சிறிது நேரம் காத்திருந்தார். பின்பு ஊதல் ஒலித்து வண்டியை மெல்ல நகர்த்தினார். அலை வந்தது. பயணியர் 110 பேர், பணியாளர் 5 பேர் என்கிறது கணக்கு. பயணச்சீட்டின்றி ஏறியவர் இருந்திருப்பின் அவர்கள் எக்கணக்கிலும் இல்லை. இந்தியா, இலங்கை ஆகிய இரு கரைகளிலும் மாண்டவர் ஏறத்தாழ 1,800 பேர்.

வடதுருவத்தை அடுத்த கிரீன்லாந்தில் பனிப்பாறை மேட்டிலிருந்து குளிர்காற்று சரிவில் உருண்டிறங்கி ஊர்களைத் தாக்குவதுண்டு. 1970 பிப்ரவரி 6 அன்று தசீலாக் என்னும் சிற்றூரை அது சிதைத்தது. நம் புயல் வெதுவெதுப்பான கடலில் பிறப்பது. அதுவோ பனியில் பிறப்பது. அந்நிலத்து மக்கள் அதனைப் ‘பிதெராக்’ என்கின்றனர். ‘உன்னைத் தாக்குவது’ என்பது அதன் பொருளாம். காற்றை எதிரில் நிற்கும் பகைவனாக்கிய அப்பெயர் என்னை நெடுநாள் உறுத்தியது. சூறைக்கும் கடுவளிக்கும் அத்தகைய முகம் இல்லை.

காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதற்கு இந்திர விழாவை மறந்ததைக் காரணமாக்கிற்று மணிமேகலை. தனுஷ்கோடி மக்கள் எவ்விழாவையும் மறந்தவரல்லர். மீன்பிடித்தும், தலைமன்னார்க் கப்பலுக்கு வந்த பயணியருக்கு உணவும் இடமும் அளித்தும் வாழ்ந்தவர்கள். அவ்வூரை வாழத் தகாத இடமென்று அரசு அறிவித்தது.

145 உத்தரங்களில் 126 வீழ்ந்த பாம்பன் பாலத்தை ஈ. ஸ்ரீதரன் தலைமையிலான குழுவினர் 46 நாளில் மீட்டனர். அரிச்சல்முனை வரை 2017-இல் சாலை வந்தது. 2025-இல் புதிய பாம்பன் பாலமும் வந்தது. இராமேசுவரத்தோடு வண்டிகள் நின்றுவிடுகின்றன. அதற்கப்பால், இடிந்த தேவாலயத்தின் சுவர்களுக்கிடையே இன்றும் மார்கழியில் வாடைதான் வீசுகிறது.