ஓவர்கிளாக்கிங்குக்கு ஏற்ற குறைந்த விலை மதர்போர்டு

ஒரு பிராசசரைத் தயாரிப்பாளர் குறித்த வேகத்துக்கு மேல் ஓடவைப்பதே ஓவர்கிளாக்கிங். குறைந்த விலை பிராசசரை வாங்கி, அதிலிருந்து விலை உயர்ந்த பிராசசரின் வேகத்தை வரவழைப்பது இதன் பழைய நோக்கம். அந்த நோக்கத்தோடு கணினி சேர்ப்பவர் மதர்போர்டில் சிக்கனம் பிடிக்க நினைப்பது நியாயமே. ஒரே பிராசசரை ஒரே வேகத்தில் இரண்டு போர்டுகளில் ஓட்டினால், ஒன்றின் விலை மற்றதைப் போல இருமடங்கு என்றாலும் வேலை முடியும் நேரத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் இராது. அந்த வேகத்தை இரண்டும் மணிக்கணக்கில் விடாமல் தாங்குமா என்பது வேறு கேள்வி. போர்டு வாங்குவோர் முதலில் பார்ப்பது சிப்செட்டின் பெயரை. விளம்பரமும் அதையே முன்னிறுத்துகிறது. சிப்செட் தருவது அனுமதி மட்டும். அனுமதித்த வேகத்தைச் சுமப்பது, பிராசசருக்கு மின்சாரம் வழங்கும் வோல்டேஜ் ரெகுலேட்டர் பகுதி, சுருக்கமாக வி.ஆர்.எம். கையிலுள்ள பணத்தை எங்கே போடுவது, எங்கே மிச்சம் பிடிப்பது என்பதை இந்தப் பகுதியை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

அனுமதி என்பது எப்போதும் தனியாக விற்கப்பட்ட பொருளல்ல. 1998 ஆகஸ்டில் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ பிராசசரில், பஸ் வேகத்தைப் பெருக்கும் எண்ணான மல்டிப்ளையர் 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸோடு பெருக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ். அதே ஆண்டில் வந்த 440பிஎக்ஸ் சிப்செட் 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை முறைப்படியே ஏற்றது. ஏபிட் பிஎச்6 போன்ற போர்டில் பஸ்ஸை 100 என்று பயாஸ் திரையிலேயே மாற்றினால் பிராசசர் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. ஜம்பரைத் தொடக்கூடத் தேவையில்லை. 2011இல் இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் தலைமுறையோடு இந்த வழி முடிவுக்கு வந்தது. பஸ்ஸின் இடத்தைப் பிடித்த அடிப்படைக் கிளாக்கைச் சிப்செட்டுக்குள் கொண்டுவந்து மற்றப் பாகங்களோடு பிணைத்துவிட்டதால், அதைச் சில சதவீதத்துக்கு மேல் உயர்த்த முடியாமல் போயிற்று. மல்டிப்ளையரை உயர்த்தும் உரிமை 'கே' எழுத்துள்ள பிராசசருக்கும் பி67, இசட்68 போன்ற சிப்செட்டுகளுக்கும் ஒதுக்கப்பட்டது. ஏஎம்டி வேறு வழியில் சென்றது. 2017இல் வந்த முதல் ரைசன் பிராசசர்கள் அனைத்தும் பூட்டில்லாதவை. மலிவான பி350 சிப்செட்டிலேயே அவற்றை ஓவர்கிளாக் செய்யலாம், அதற்கும் கீழான ஏ320இல் முடியாது. பின்னர் வந்த பி450, பி550, பி650 அனுமதித்தன. ஏ520, ஏ620 அனுமதிக்கவில்லை. சிக்கனமாக ஓவர்கிளாக் செய்ய விரும்புவோர் ஏஎம்டியின் 'பி' வரிசைப் போர்டுகளை நாடுவதற்குக் காரணம் இதுதான். ஆனால் ஒரே பி350 சிப்செட்டைத் தாங்கிய போர்டுகளுக்குள் இருந்த தர வேறுபாடு, பி350க்கும் அதற்கு மேலான எக்ஸ்370க்கும் இடையே இருந்ததைவிடப் பெரிது.

அந்த வேறுபாடு எங்கே இருக்கிறது என்பது கணக்கில் தெரியும். பிராசசரின் இயங்குநிலை மின் செலவு, வேகத்தோடு நேர்விகிதத்திலும் வோல்டேஜோடு இருபடி விகிதத்திலும் உயர்கிறது. 1.2 வோல்ட்டில் 3.4 கிகாஹெர்ட்ஸ் ஓடும் பிராசசரை 1.4 வோல்ட் கொடுத்து 4.0க்கு உயர்த்தினால், வேகம் ஏறுவது சுமார் 18 சதவீதம். மின் செலவு ஏறுவது சுமார் 60 சதவீதம். பவர் சப்ளையிலிருந்து 12 வோல்ட்டாக வருவதை வி.ஆர்.எம். ஏறத்தாழ 1.35 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிறது. 140 வாட் கேட்கும் பிராசசருக்கு அந்த அழுத்தத்தில் 100 ஆம்பியருக்கு மேல் பாய வேண்டும். 5 கிலோவாட் வீட்டு இணைப்பு 230 வோல்ட்டில் முழுச் சுமையில் இழுப்பதே 22 ஆம்பியர்தான். இந்த மின்னோட்டத்தைப் பல ஃபேஸ்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒவ்வொரு ஃபேஸிலும் மின்சாரத்தை விட்டுவிட்டுத் திறந்து மூடும் மாஸ்ஃபெட்டுகளும் அதைச் சீராக்கும் ஒரு சோக்கும் உண்டு. மாஸ்ஃபெட் வழியே மின்னோட்டம் பாயும்போது வெப்பமாகும் இழப்பு மின்னோட்டத்தின் இருபடியைப் பொறுத்தது. எனவே 100 ஆம்பியரை நான்கு பேருக்குப் பதில் எட்டுப் பேர் சுமந்தால் ஒவ்வொருவர் இழப்பும் கால்பங்காகிறது, மொத்த இழப்பு பாதியாகிறது. 120 வாட்டை 90 சதவீதத் திறனோடு வழங்கும் வி.ஆர்.எம். சுமார் 13 வாட் வெப்பத்தை வெளிவிடும். திறன் 85 சதவீதமானால் அது 21 வாட். விரல்நுனி அளவுள்ள சில சில்லுகளில் எழும் வெப்பம் இது. அளவு மீறினால் போர்டு தன்னைக் காத்துக்கொள்ளப் பிராசசரின் வேகத்தைச் சடாரென்று இறக்கும். காசு கொடுத்துப் பெற்ற வேகம் அங்கேயே போய்விடுகிறது.

இதற்கு 2017 மார்ச்சில் வந்த ரைசன் 7 1700 நல்ல எடுத்துக்காட்டு. எட்டு கோர்கள் கொண்ட இது அமெரிக்காவில் 329 டாலருக்கு விற்றது. அதே சில்லைக் கொண்ட 1800எக்ஸ் 499 டாலர். 1700ஐ ஓவர்கிளாக் செய்து, எல்லாக் கோர்களிலும் 1800எக்ஸின் இயல்பு வேகத்தை எட்டவோ சற்றே தாண்டவோ பெரும்பாலும் முடிந்தது. 170 டாலர் மிச்சம். அந்த மிச்சத்தைப் பெற எக்ஸ்370 தேவையில்லை, பி350 போதும் என்பது உண்மையே. ஆனால் 65 வாட் என்று பெயர்பெற்ற அந்தப் பிராசசர், வோல்டேஜ் ஏற்றியபின் அதைப்போல் இருமடங்கு இழுக்கும். ஹீட்சிங்க் இல்லாத நான்கு ஃபேஸ் போர்டில் எட்டு கோர்களையும் அப்படி ஓட்டுவது மாஸ்ஃபெட்டுகளைக் கொதிக்கவிடுவதாகும். அதே போர்டில் நான்கு கோர் ரைசனை ஏற்றினால் பிரச்சினை இராது. இன்டெல் பக்கமும் இதற்குச் சான்று உண்டு. 2014இல் வந்த பென்டியம் ஜி3258 பூட்டில்லாத இரண்டு கோர் பிராசசர். சில தயாரிப்பாளர்கள் பயாஸ் வழியாக மிக மலிவான எச்81 போர்டுகளிலும் அதன் மல்டிப்ளையரைத் திறந்துவிட்டார்கள். 3.2 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.2க்கு மேல் செல்வது பரவலாக நடந்தது, எளிய வி.ஆர்.எம். அதற்குப் போதுமானதாக இருந்தது. ஆகவே நல்ல போர்டு, மோசமான போர்டு என்று தனியாகச் சொல்வதில் பொருளில்லை. எந்தப் பிராசசருக்கு என்று சேர்த்துச் சொன்னால்தான் அது தீர்ப்பு.

ஃபேஸ் எண்ணிக்கையைப் பெட்டியிலேயே அச்சிடுகிறார்களே, அதைப் பார்த்து வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். அச்சிடப்படுவது பெரும்பாலும் சோக்குகளின் எண்ணிக்கை. அதில் ஒரு பகுதி பிராசசர் கோர்களுக்கல்ல, மெமரி கன்ட்ரோலருக்கும் உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்கும் உரியது. மீதியிலும், ஒரே கட்டுப்பாட்டுச் சைகையில் இரண்டு சோக்குகள் இயங்கலாம். இதைக் கண்டு பலர் 'போலி ஃபேஸ்' என்று ஒதுக்குவதும் அதே அளவு தவறு. இருபடிக் கணக்கு கட்டுப்பாட்டுச் சைகையைப் பார்ப்பதில்லை. பாகங்கள் கூடினால் வெப்பம் பங்கிடப்படுகிறது. எம்எஸ்ஐ நிறுவனத்தின் பி450 டோமஹாக் போர்டில் கோர்களுக்கு உண்மையில் நான்கு ஃபேஸ்தான். ஒவ்வொன்றிலும் மாஸ்ஃபெட்டுகள் இரட்டையாக, மேலே கனமான ஹீட்சிங்க்கோடு வைக்கப்பட்டிருந்தன. எட்டு கோர் பிராசசரைத் தாங்கும் மலிவுப் போர்டு என்று அது பெற்ற பெயர் நியாயமானது.

போர்டின் படத்தை உற்றுப் பார்த்தாலே பாதி விஷயம் புரியும். சாக்கெட்டின் இடப்புறமும் மேற்புறமும் சாம்பல் நிறக் கட்டிகள் வரிசையாக நிற்கும்; அவை சோக்குகள். அவற்றுக்குப் பக்கத்தில் ஹீட்சிங்க் மூடியிருக்கும் இடத்தில்தான் மாஸ்ஃபெட்டுகள். மலிவுப் போர்டுகளில் மேல்வரிசை திறந்தே கிடப்பது வழக்கம். அது கோர்களுக்கு உரியதல்லாத வரிசை என்றால் குறையல்ல. இடவரிசையும் திறந்திருந்தால் ஆறு கோருக்கு மேல் ஓவர்கிளாக் செய்ய அந்தப் போர்டை எடுக்கக் கூடாது. ஹீட்சிங்க் என்று தோன்றுவதெல்லாம் ஹீட்சிங்க்கும் அல்ல. கனமும் மடிப்புகளும் உள்ள அலுமினியம் வெப்பத்தை வெளியேற்றும். அதன்மேல் அழகுக்காகப் போர்த்திய பிளாஸ்டிக் உறை காற்றை மறிக்கும். பிராசசரோடு பெட்டியில் வரும் கூலர் காற்றைக் கீழ்நோக்கி ஊதுவதால் வி.ஆர்.எம். மீதும் சிறிது படும். அதைக் கழற்றிவிட்டுத் திரவக் கூலர் பொருத்தினால் பிராசசர் குளிர்கிறது, வி.ஆர்.எம். காற்றில்லாமல் தவிக்கிறது. போர்டு பரிசோதனைகள் பெரும்பாலும் 20 முதல் 25 பாகை அறைகளில் செய்யப்படுபவை. ஏசி இல்லாத சென்னை அறையில் மே மாதம் 35 பாகை என்றால், அந்தப் பத்து முதல் பதினைந்து பாகையையும் அப்படியே கூட்டிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது. இன்றைய பிராசசர்கள் தாமாகவே வேகத்தை உச்சத்துக்கு ஏற்றிக்கொள்கின்றன. கையால் செய்யும் ஓவர்கிளாக்கிங் ஒற்றைக் கோர் வேகத்தைக் குறைத்துவிடவும்கூடும். பின் எதற்கு இந்தக் கவலை? முதல் பகுதி சரி, முடிவு சரியல்ல. ரைசனின் தானியங்கி வேகம் மூன்று வரம்புகளுக்குள் இயங்குகிறது. ஏஎம்4 சாக்கெட்டுக்கான 105 வாட் வகைப் பிராசசருக்கு மொத்தம் 142 வாட், நீடித்த மின்னோட்டம் 95 ஆம்பியர், கணநேர உச்சம் 140 ஆம்பியர். பிபிஓ (பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ்) வசதியை இயக்கும்போது இந்த வரம்புகளுக்குப் பதிலாக மதர்போர்டின் வரம்புகள் அமலாகின்றன. அதாவது கையால் செய்த வேலையைப் பிராசசர் எடுத்துக்கொண்டது. தாங்கும் பொறுப்பு போர்டிடமே இருக்கிறது. ஓவர்கிளாக் செய்யவே முடியாத பிராசசரிலும் இது தெரிகிறது. 2021இல் வந்த கோர் ஐ5 11400இன் அடிப்படை வேகம் 2.6 கிகாஹெர்ட்ஸ், எல்லாக் கோர்களும் சேர்ந்து எட்டக்கூடியது 4.2. 65 வாட் வரம்பைக் கறாராக அமல்படுத்திய பி560 போர்டில் நீண்ட வேலையின்போது வேகம் கீழே இறங்கியது; வரம்பைத் தளர்த்தித் தாங்க முடிந்த போர்டில் மேலேயே நின்றது. பிராசசரும் சிப்செட்டும் ஒன்றுதான், கிடைத்த வேகம் ஒன்றல்ல.

போர்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு படி உயர்ந்த பிராசசரே வாங்கலாமே என்ற வாதத்துக்குப் பல நேரங்களில் பதில் 'ஆம், வாங்கலாம்' என்பதுதான். நான்கு கோரை விரட்டுவதைவிட ஆறு கோரை இயல்பாக ஓட்டுவது பெரும்பாலான வேலைகளில் அதிகப் பயன் தரும். ஆனால் நல்ல வி.ஆர்.எம். கிடைக்க விலை உயர்ந்த சிப்செட்டுக்குத் தாவ வேண்டியதில்லை. ஒரே 'பி' வரிசைக்குள் கடைசி விலைப் போர்டிலிருந்து நடு விலைப் போர்டுக்கு ஏறினால் போதும். அந்த இடைவெளி இரண்டு பிராசசர்களுக்கு நடுவிலுள்ள விலை வித்தியாசத்தைவிடப் பொதுவாகக் குறைவு. அந்தப் பணத்தை வண்ண விளக்கு, இரண்டாவது கிராஃபிக்ஸ் கார்டுக்கான ஸ்லாட், கூடுதல் எம்.2 ஸ்லாட்டுகள், உள்ளமைந்த வைஃபை ஆகியவற்றை விட்டுக்கொடுத்து ஈட்டலாம். மெமரி ஸ்லாட் இரண்டே உள்ள சிறிய போர்டையும் ஒதுக்க வேண்டாம். சைகை செல்லும் பாதை குறுகுவதால், மெமரியை வேகமாக ஓட்ட அது சாதகமே.

பயாஸைப் பற்றித் தயாரிப்பாளர்களின் விவரப் பட்டியல்கள் அநேகமாக ஒன்றும் சொல்வதில்லை. சில மலிவுப் போர்டுகளில் வோல்டேஜை நேரடியாக எண்ணாகக் கொடுக்க முடியாது. இயல்பு அளவிலிருந்து கூட்டவோ குறைக்கவோ மட்டும் முடியும். சுமை ஏறும்போது வோல்டேஜ் சரிவதை ஈடுகட்டும் லோட்லைன் அமைப்பு இல்லாத போர்டும் உண்டு. இவற்றை வாங்கும் முன்பே கையேட்டில் தேட வேண்டும். தயாரிப்பாளர் தளங்களில் கையேடு இலவசமாகவே கிடைக்கிறது. எல்லாவற்றையும் தானியங்கி அமைப்பிடம் விட்டுவிடுவது பாதுகாப்பு என்று எண்ணவும் கூடாது. 2023இல் ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் போர்டுகளில் மெமரி புரொஃபைலை இயக்கியதும் சில போர்டுகள், மெமரி கன்ட்ரோலருக்குச் செல்லும் எஸ்ஓசி வோல்டேஜைத் தாமாகவே ஏற்றின. ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசசர்கள் கருகிய சம்பவங்களுக்குப் பின் ஏஎம்டி அந்த வோல்டேஜை 1.3க்கு மேல் போகாதபடி பயாஸிலேயே கட்டுப்படுத்தியது. ஓவர்கிளாக்கிங்கால் வரும் சேதத்துக்கு இன்டெல், ஏஎம்டி இரண்டின் வாரண்டியும் பொதுவாகப் பொறுப்பேற்பதில்லை என்பதால், ஏறிய வோல்டேஜ் எவ்வளவு என்று பயன்படுத்துபவரே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நல்ல வி.ஆர்.எம். கொண்ட போர்டுக்கு ஆயுளும் நீளம். 2017இல் ரைசன் 1700க்காக வாங்கிய ஏஎம்4 போர்டு, 2022இல் வந்த 5800எக்ஸ்3டி வரை ஏற்கும் வாய்ப்பைப் பெற்றது. அங்கே தடையாக நின்றது மின்சாரமல்ல, பயாஸ் சில்லின் கொள்ளளவு. 16 மெகாபைட்டில் அத்தனை தலைமுறைகளுக்கான குறிமுறையும் அடங்கவில்லை. எம்எஸ்ஐ சில போர்டுகளின் பயாஸிலிருந்து அழகிய திரையையே நீக்கி எளிய திரையை வைத்தது; 2019இல் 32 மெகாபைட் சில்லோடு 'மேக்ஸ்' என்ற பெயரில் திருத்திய வரிசையை வெளியிட்டது. எம்எஸ்ஐயின் பி450 போர்டைச் செகண்ட் ஹேண்டில் வாங்குபவர் மாடல் பெயரில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, பிராசசர் இல்லாமலேயே பென் டிரைவிலிருந்து பயாஸை ஏற்றும் பொத்தான் பின்புறம் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். ஹீட்சிங்க்கைச் சுற்றிப் போர்டு பழுப்பேறியிருந்தால், முந்தைய உரிமையாளர் அதை எப்படி ஓட்டினார் என்று ஊகிக்கலாம். அப்படிப்பட்ட போர்டுக்கு எந்த விலையும் மலிவல்ல.