சும்மா நின்றவர்!

அந்த ஃபோட்டோவை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். 1968, அக்டோபர் 16. மெக்ஸிகோ சிட்டி ஒலிம்பிக்ஸ். பதக்க மேடையில் இரண்டு கறுப்பின அமெரிக்க வீரர்கள் தலைகுனிந்து, கறுப்புக் கையுறை மாட்டிய முஷ்டியை உயர்த்தி நிற்கிறார்கள். 'லைஃப்' பத்திரிகைக்காக ஜான் டோமினிஸ் எடுத்த படம்.

சரி, படத்தில் மொத்தம் எத்தனை பேர்?

'ரெண்டு பேர்' என்று வாய் வந்திருந்தால் தப்பில்லை. கண் அங்கேதான் போகும்! முன்னால் ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறாரே, கவனித்தீர்களா? கையைத் தூக்காமல், நேராகப் பார்த்தபடி... 'பாவம், தெரியாம வந்து மாட்டிக்கிட்டார் போல!' என்றுதான் தோன்றும்.

இல்லை. தெரிந்தேதான் நின்றார். பெயர் பீட்டர் நார்மன். ஆஸ்திரேலியர்.

அன்று 200 மீட்டரில் டாமி ஸ்மித் 19.83 விநாடியில் ஓடி உலக சாதனையோடு தங்கம் வென்றார். கடைசி சில மீட்டரில் ஜான் கார்லோஸை முந்தி, 20.06 விநாடியில் வெள்ளியைத் தட்டினார் நார்மன். கார்லோஸுக்கு வெண்கலம்.

மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மேடையில் எதிர்ப்பைக் காட்டப்போகிறோம் என்று அமெரிக்கர்கள் இருவரும் முன்கூட்டியே நார்மனிடம் சொன்னார்கள். கறுப்பின மக்களின் வறுமையைச் சொல்ல ஷூ போடாமல், கறுப்பு சாக்ஸோடு ஏறுவதாகத் திட்டம். ஆனால் கார்லோஸ் தன் கையுறைகளை மறந்துவிட்டு வந்திருந்தார். 'இருக்கிற ஒரு ஜோடியை ஆளுக்கொண்ணா போட்டுக்கலாமே' என்று யோசனை சொன்னது... நார்மன்! ஸ்மித் வலது கையும், கார்லோஸ் இடது கையும் தூக்கியிருக்கும் ரகசியம் இதுதான்.

இப்போது நார்மனின் இடது மார்பைப் பாருங்கள். வட்டமாக ஒரு பேட்ஜ். மனித உரிமைக்கான ஒலிம்பிக் இயக்கத்தின் சின்னம். அமெரிக்கத் துடுப்புப் படகு வீரர் ஒருவரிடம் கேட்டு வாங்கிக் குத்திக்கொண்டது. பின்னால் நடப்பதை அவரால் பார்க்கக்கூட முடியவில்லை. அந்த பேட்ஜோடு அசையாமல் நின்றார்.

அமெரிக்கர்கள் இருவரும் அணியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். கொலை மிரட்டல்கள் வந்தன. நார்மன்? 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸுக்கான தகுதி நேரத்தைப் பலமுறை எட்டியிருந்தும், தேர்வுப் போட்டியில் மூன்றாவதாக வந்தார். அவரை அனுப்பவில்லை. பழிவாங்கலா? ஆஸ்திரேலிய ஒலிம்பிக் கமிட்டி அதை மறுக்கிறது. ஆனால் 2012-ல் அந்நாட்டு நாடாளுமன்றம் அவரிடம் மன்னிப்புக் கேட்டது. கேட்கத்தான் அவர் இல்லை. 2006 அக்டோபரில் மாரடைப்பில் போய்விட்டார். சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்களில் இரண்டு பேர்... ஸ்மித், கார்லோஸ்!

அமெரிக்காவின் சான் ஹோசே பல்கலைக்கழகத்தில் அந்தக் காட்சி சிலையாக நிற்கிறது. இரண்டாமிடம் மட்டும் காலி. நார்மன் விரும்பியது அதைத்தான். யார் வேண்டுமானாலும் அங்கே ஏறி அந்த இருவரோடு நிற்கலாமே!

நார்மனின் 20.06 ஆஸ்திரேலிய சாதனையாக 56 வருஷம் நின்றது. 1968-ல் வெள்ளையர் அல்லாதவர்கள் அங்கே குடியேறுவதே கஷ்டம். 2024 டிசம்பரில் அந்தச் சாதனையை 20.04-ல் முறியடித்தவர் 16 வயதுப் பையன், கவுட் கவுட். பெற்றோர் தெற்கு சூடானிலிருந்து வந்து குடியேறியவர்கள்.

நார்மன் பார்த்திருந்தால் முதல் கைதட்டு அவருடையதாகத்தான் இருந்திருக்கும், இல்லையா?