மும்பையில் எங்கே, என்ன வாங்கலாம்? (கொஞ்சம் சரித்திரத்தோடு)

பள்ளிக்கூட லீவு விட்டாச்சு என்றால் மும்பை வாழ் தமிழர்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். கேட்வே, ஜூஹு எல்லாம் பார்த்து முடித்ததும் அடுத்த கேள்வி: "இங்க என்ன வாங்கலாம்?"

ஃபேஷன் ஸ்ட்ரீட், லிங்கிங் ரோடு, கிராஃபோர்டு மார்க்கெட் பற்றி எல்லாரும் சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வருவது நம் ஆட்கள் வந்து கால் ஊன்றிய மூன்று இடங்கள் பற்றி: மாதுங்கா, செம்பூர், தாராவி. எந்த இடத்தில் எது நன்றாகக் கிடைக்கும் என்பது, அங்கே யார், என்ன வேலைக்கு வந்தார்கள் என்பதைப் பொறுத்தது.

மாதுங்கா

1896ல் பம்பாயில் பிளேக் வந்தது. நெரிசல்தான் காரணம் என்று 1898ல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைத்து, தாதர், மாதுங்கா பக்கம் அகலமான தெருக்களோடு புதுக் குடியிருப்புகளுக்குத் திட்டம் போட்டார்கள். ரயில்வே, வங்கி, கம்பெனி ஆபீஸ்களுக்கு டைப்பிங், ஷார்ட்ஹேண்ட் தெரிந்த பாலக்காடு, தஞ்சாவூர், திருநெல்வேலி ஆட்கள் வந்து அங்கே குடியேறினார்கள். 1923ல் ஆஸ்திக சமாஜம், 1932ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம். மாதச் சம்பளக்காரர்கள் வந்தால் பின்னாலேயே காபிப்பொடி, வாழை இலை, பூ எல்லாம் வரும்தானே?

அதனால் மாதுங்காவில் வாங்க வேண்டியவை: கண்ணெதிரே அரைத்துத் தரும் காபிப்பொடி (சிக்கரி எவ்வளவு என்று நாமே சொல்லிவிட வேண்டும்), ஃபில்டர், கட்டின மல்லிகை, பூஜை சாமான். மயிலாப்பூரில் பார்க்கும் கிரி டிரேடிங் சென்னைக் கடை என்று நினைப்பவர்கள் கவனிக்க: 1951ல் அது தொடங்கியது பம்பாயில்! பட்டுப்புடவையை மட்டும் இங்கே வாங்கி ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், ப்ளீஸ்.

1966ல் சிவசேனை தொடங்கியபின் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்து, ஓட்டல்கள் தாக்கப்பட்டன. இன்று ஞாயிறு காலையில் கஃபே மெட்ராஸ் வாசலில் மராத்தியும் குஜராத்தியும் பேசுகிறவர்கள் இட்லிக்காக வரிசையில் நிற்கிறார்கள்.

வழி: சென்ட்ரல் லைனில் 'மாதுங்கா' ஸ்டேஷன், கிழக்குப் பக்கம். வெஸ்டர்ன் லைனில் இருப்பது 'மாதுங்கா ரோடு'. அங்கே இறங்கினால் நன்றாக நடக்க வேண்டியிருக்கும்.

செம்பூர்

1950களில் டிராம்பேயில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், 1954ல் அணுசக்தி நிலையம் (1967 முதல் பாபா பெயரில்), பிறகு உர ஆலை. இஞ்சினியர்களும் விஞ்ஞானிகளும் வந்தார்கள். 1962ல் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி பிறந்தது. சேடா நகர் முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் அப்பளம், வடகம், ஊறுகாய் பார்க்கலாம். கச்சேரி உள்ள நாளாகப் பார்த்துப் போனால் ஒரே அலைச்சலில் இரண்டும் முடியும்.

தாராவி

கடைசியில் சொன்னாலும் மூன்றிலும் மூத்தது இதுதான். 19ஆம் நூற்றாண்டில் இது ஊருக்கு வெளியே இருந்த சதுப்பு நிலம், கோலி மீனவர் குப்பம். பாந்த்ராவில் இறைச்சிக் கூடம் இருந்ததால் தோல் பக்கத்திலேயே கிடைத்தது. நாற்றமும் நகரத்துக்குள் வராது. திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் தோல் பதனிடும் தொழிலுக்கு இங்கே வந்தார்கள். பெரிய மசூதி 1887ல், பிள்ளையார் கோயில் 1913ல் எழுந்தன.

1971ல் இறைச்சிக் கூடம் தேவ்னாருக்குப் போனது. பதனிடும் தொட்டிகளும் போய்விட்டன. வெட்டித் தைக்கும் தொழில் மட்டும் போகவில்லை. இப்போது சென்னை, கான்பூர், கொல்கத்தாவிலிருந்து வரும் தோல் இங்கே பையாகவும் பர்ஸாகவும் பெல்ட்டாகவும் மாறுகிறது. தைப்பவர்களில் உ.பி., பீகார்க்காரர்கள் நிறைய. 2015ல் மகாராஷ்டிரத்தில் காளை, எருது வெட்டவும் தடை வந்தபின் தோல் வியாபாரம் அடி வாங்கியது.

சயான்-பாந்த்ரா லிங்க் ரோட்டில் வரிசையாகக் கடைகள். பொருளின் வெட்டு ஓரத்தைப் பாருங்கள். துணி தெரிந்தால் ரெக்சின். நார் நாராகத் தெரிந்தால் தோல். தையலை இழுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று கடை ஏறி விலை கேட்டபின் பேரம் பேசுங்கள். அப்படியே 90 அடி ரோட்டுக்கு நடந்தால் தமிழ்ப் போர்டுகள், முறுக்கு, சீடை, "வாங்க அண்ணாச்சி" எல்லாம் உண்டு.

அவசரமாகப் போகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்பு ஏலத்தில் அதானி குழுமம் வென்றது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்கிறார்கள். பின்னால் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே இடம். இங்கே கீழே கடை, மேலே பட்டறை, அதற்கும் மேலே தூங்கும் இடம் என்பதுதான் பல இடங்களில் அமைப்பு. ஒரே சந்தில் ஒருவர் வெட்ட, அடுத்தவர் தைக்க, மூன்றாமவர் ஜிப் வைப்பதால்தான் அந்தப் பை அந்த விலைக்குக் கிடைக்கிறது. ஆளுக்கொரு திசையில் வீடு கொடுத்துவிட்டால் குடும்பங்கள் ஒண்டிக்கொள்ளலாம், தொழில் எங்கே போகும்? நல்ல கழிப்பறையும் தண்ணீரும் அந்த மக்களுக்கு அவசியம் வேண்டும். அவற்றோடு பட்டறையும் வேண்டும் என்றுதான் அவர்கள் கேட்கிறார்கள்.

ஆகவே மும்பை வருகிறவர்கள் மாலில் வாங்க நினைக்கும் பர்ஸை தாராவியில் வாங்குங்கள். குழந்தைகளையும் அழைத்துப் போங்கள். கடைக்காரர் தமிழ் பேசினால் "எந்த ஊரு அண்ணாச்சி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தாத்தா காலத்துக் கதை ஒன்று கூடவே வரும், அதற்கு விலை கிடையாது.