கவுன்சில் வீடு ஆயுளுக்கா... 5 வருஷத்துக்கா? இங்கிலாந்தில் முடியாத விவாதம்: முழு விளக்கம்

அரசு ஒரு ஏழைக் குடும்பத்துக்கு குறைந்த வாடகையில் வீடு கொடுக்கிறது. 10 வருஷம் கழித்து அந்தக் குடும்பம் ஓரளவு நல்லா சம்பாதிக்க ஆரம்பிச்சிடுச்சு. இப்போ அந்த வீட்டை காலி பண்ணச் சொல்லலாமா? வெளியே அதே மாதிரி வீட்டுக்காக லட்சக்கணக்கானவர்கள் காத்திருக்கும்போது, உள்ளே இருப்பவர்களுக்கு ஆயுள் முழுக்க உரிமை கொடுப்பது நியாயமா?

இங்கிலாந்தில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் சண்டை இதுதான். இதற்காக சட்டம் வந்தது, திருத்தம் வந்தது. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வராமலே கிடப்பிலும் போனது. என்ன நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

கவுன்சில் வீடு என்றால் என்ன?

நம்ம ஊரில் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாக இருக்கும் அமைப்பின் வீடுகளில், தவணை கட்டி முடித்தால் விற்பனைப் பத்திரம் கிடைக்கும். இங்கிலாந்தின் கவுன்சில் வீடு அப்படி அல்ல. வீடு உள்ளாட்சி அமைப்பின் சொத்தாகவே இருக்கும். குடியிருப்பவர் வாடகைதாரர் மட்டுமே. வாடகை, வெளிச்சந்தையில் கேட்பதில் தோராயமாகப் பாதிதான். கவுன்சில்களைப் போலவே லாப நோக்கமில்லாத வீட்டுவசதிச் சங்கங்களும் இப்படி வீடு கொடுக்கின்றன. இரண்டையும் சேர்த்துத்தான் ‘சோஷியல் ஹவுசிங்’ என்கிறார்கள்.

முதல் உலகப்போர் முடிந்ததும், 1919-ல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் கவுன்சில்கள் பெரிய அளவில் வீடு கட்ட ஆரம்பித்தன. 1980 வாக்கில் இங்கிலாந்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு குடும்பம் இப்படிப்பட்ட வீட்டில்தான் இருந்தது. இன்றைக்கு அது ஆறில் ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது.

‘ஆயுள் உரிமை’ எப்போது வந்தது?

பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கவுன்சில் வாடகைதாரர்களுக்கு சட்டப் பாதுகாப்பு கொடுத்தது மார்கரெட் தாட்சர் அரசு. 1980-ம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் இரண்டு விஷயங்களைச் செய்தது.

ஒன்று, ‘செக்யூர் டெனன்சி’. அதாவது முடிவுத் தேதியே இல்லாத வாடகை உரிமை. நம்ம ஊர் 11 மாத அக்ரிமென்ட் மாதிரி புதுப்பிக்கும் கவலை கிடையாது. ஆனால் ‘ஆயுளுக்கும் யாரும் தொட முடியாது’ என்றும் அர்த்தம் இல்லை. வாடகை பாக்கி வைத்தாலோ, அக்கம்பக்கத்தினருக்குத் தொடர்ந்து தொல்லை கொடுத்தாலோ நீதிமன்றம் மூலம் வெளியேற்றலாம். காரணம் இல்லாமல் அனுப்ப முடியாது, அவ்வளவுதான்.

இரண்டாவது, ‘ரைட் டு பை’. குடியிருக்கும் வீட்டையே தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமை. 1980-ல் இருந்து சுமார் 20 லட்சம் வீடுகள் இப்படி விற்கப்பட்டன. விற்ற அளவுக்கு புது வீடு கட்டப்படவில்லை. இன்றைய தட்டுப்பாட்டுக்கு முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று.

கால வரம்பு யோசனை எங்கிருந்து வந்தது?

2010 ஆகஸ்ட்டில், அப்போதைய பிரதமர் டேவிட் கேமரூன், புதிதாக வருபவர்களுக்கு ஆயுள் உரிமைக்குப் பதில் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வீடு கொடுக்கலாம் என்று பேசினார். அடுத்த ஆண்டே லோக்கலிசம் சட்டம், 2011 நிறைவேறியது. ‘ஃப்ளெக்சிபிள் டெனன்சி’ என்ற புது வகை ஒப்பந்தம் அதில் வந்தது.

அதன் விதிகள்:

* குறைந்தபட்சம் 2 ஆண்டு. வழக்கமாக 5 ஆண்டு.
* கொடுப்பதா வேண்டாமா என்பது ஒவ்வொரு கவுன்சிலின் விருப்பம்.
* புதுப்பிக்கப் போவதில்லை என்றால், 6 மாதம் முன்பே காரணத்துடன் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.
* அந்த முடிவை மறுபரிசீலனை செய்யும்படி குடியிருப்பவர் கேட்கலாம்.
* ஏற்கெனவே ஆயுள் உரிமையில் இருப்பவர்களுக்கு இதனால் பாதிப்பு இல்லை.

2016-ல் அரசு இன்னொரு படி மேலே போனது. கவுன்சில்கள் புதிதாகக் கொடுக்கும் பெரும்பாலான வீடுகளுக்கு 2 முதல் 10 ஆண்டு வரையிலான கால வரம்பு கட்டாயம் என்று சட்டம் போட்டது. பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால், பிள்ளைக்கு 19 வயது ஆகும்வரை நீட்டிக்கலாம்.

ஆனால் அந்தப் பிரிவு அமலுக்கே வரவில்லை. 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் டவர் தீ விபத்தில் 72 பேர் உயிரிழந்தார்கள். கவுன்சில் குடியிருப்புவாசிகளை அரசு எப்படி நடத்துகிறது என்ற கேள்வி நாடு முழுக்க எழுந்தது. 2018 ஆகஸ்ட்டில் வெளியான கொள்கை அறிக்கையில், கட்டாயக் கால வரம்பை இப்போதைக்கு அமல்படுத்தப் போவதில்லை என்று அரசே சொல்லிவிட்டது.

கால வரம்பு வேண்டும் என்பவர்கள் சொல்வது என்ன?

முதல் வாதம், வரிசை. இங்கிலாந்தில் கவுன்சில் வீட்டுக்காகப் பதிந்து காத்திருக்கும் குடும்பங்கள் சுமார் 13 லட்சம். உள்ளே இருப்பவர் ஒரு காலத்தில் கஷ்டப்பட்டவர். வெளியே நிற்பவர் இப்போது கஷ்டப்படுபவர். யாருக்கு முன்னுரிமை என்பது இவர்களின் கேள்வி.

இரண்டாவது, அளவு. நான்கு பேருக்காகக் கொடுத்த மூன்று படுக்கையறை வீட்டில், பிள்ளைகள் போன பிறகு ஒருவர் மட்டும் இருக்கலாம். அதே நேரம் இன்னொரு குடும்பம் ஒற்றை அறையில் நெருக்கிக்கொண்டு இருக்கும்.

மூன்றாவது, பொதுப்பணம். மலிவு வாடகை என்பது ஒரு சலுகை. தேவை முடிந்த பிறகும் அது தொடரக் கூடாது என்கிறார்கள்.

எதிர்ப்பவர்கள் சொல்வது என்ன?

உதாரணத்துக்கு, துப்புரவுப் பணி செய்யும் ஒரு தாய், இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். நான்காவது வருஷம் அவருக்கு சூப்பர்வைசர் வேலை கிடைக்கிறது. அடுத்த வருஷம் வீட்டு மறுஆய்வு. சம்பளம் கூடினால் வீடு போய்விடுமோ என்ற பயத்தில் அவர் அந்த வேலையை ஏற்கத் தயங்கலாம். முன்னேறுபவரைத் தண்டிக்கும் ஏற்பாடாக இது மாறிவிடும் என்பது முக்கியமான விமர்சனம்.

வீடு மாறினால் பிள்ளைகளின் பள்ளி மாறும். அவசரத்துக்கு உதவும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாறுவார்கள். 5 வருஷத்தில் போகப்போகிறவர், குடியிருப்புச் சங்கத்தில் ஏன் அக்கறை காட்டப்போகிறார்? ஓரளவு சம்பாதிப்பவர்களை எல்லாம் வெளியே அனுப்பினால், கடைசியில் அந்தக் குடியிருப்பில் வறுமை மட்டுமே மிஞ்சும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு குடும்பத்தை அனுப்பி இன்னொன்றை வைத்தால் வீடுகளின் எண்ணிக்கை கூடுவதில்லை. அனுப்பப்பட்டவர் தனியார் வாடகையைத் தாங்க முடியாவிட்டால், அவரும் அதே வரிசையில்தான் வந்து நிற்பார்.

நடைமுறையிலும் இதுவே சிக்கலானது. 5 வருஷத்தில் வாழ்க்கை தலைகீழாக மாறிய குடும்பங்கள் குறைவு. அதனால் பெரும்பாலான ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கத்தான் வேண்டியிருந்தது. ஒவ்வொன்றையும் ஆய்வு செய்யும் வேலையும் செலவும்தான் மிச்சம். தொடங்கிய கவுன்சில்கள் பலவும் கைவிட்டுவிட்டன.

வேறு வழியே இல்லையா?

இருக்கிறது, ஆனால் எதுவும் சுலபம் இல்லை. வீட்டை விடாமல், வருமானம் கூடியவர்களிடம் கூடுதல் வாடகை வாங்கும் ‘பே டு ஸ்டே’ திட்டம் வந்தது. அதைக் கட்டாயமாக்கும் முடிவை 2016 நவம்பரில் அரசு கைவிட்டது. உபரி அறை இருந்தால் வாடகை உதவித்தொகையைக் குறைக்கும் விதி 2013-ல் வந்தது. ஓர் அறைக்கு 14%, இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் 25% பிடித்தம். ‘பெட்ரூம் டாக்ஸ்’ என்று மக்கள் பெயர் வைத்துத் திட்டினாலும், அது இன்னும் தொடர்கிறது.

மற்ற நாடுகளில்?

வியன்னா: நகராட்சிக்கே சுமார் 2.2 லட்சம் வீடுகள். வருமானத்தை உள்ளே வரும்போது மட்டும்தான் பார்ப்பார்கள். ஒப்பந்தத்துக்கு கால வரம்பு இல்லை. பணக்காரர், ஏழை கலந்து வாழ்வதே நல்லது என்பது அங்குள்ள கொள்கை.

சிங்கப்பூர்: வீட்டுவசதி வளர்ச்சிக் கழக வாடகை வீடுகளுக்கு 2 ஆண்டு ஒப்பந்தம். புதுப்பிக்கும்போது தகுதி மறுபடி பார்க்கப்படும். ஆனால் வெளியேறுபவர் வாங்குவதற்கு அதே கழகம் கட்டிய மலிவு வீடுகள் நிறைய இருக்கின்றன.

இந்த இரண்டையும் பார்த்தால் ஒன்று புரியும். வியன்னாவில் வீடு போதுமான அளவு இருப்பதால் ஆயுள் உரிமை கொடுக்க முடிகிறது. சிங்கப்பூரில் அடுத்த படிக்கட்டு இருப்பதால் கால வரம்பு வைக்க முடிகிறது. இங்கிலாந்தில் இரண்டுமே குறைவு.

இப்போதைய நிலை என்ன?

இங்கிலாந்தில் ஃப்ளெக்சிபிள் டெனன்சி சட்டத்தில் இருக்கிறது, கட்டாயம் இல்லை. ஸ்காட்லாந்தில் வழக்கமான கவுன்சில் ஒப்பந்தத்துக்கு கால வரம்பே கிடையாது. ‘ரைட் டு பை’யை ஸ்காட்லாந்து 2016-லும், வேல்ஸ் 2019-லும் நிறுத்திவிட்டன. இதற்கிடையே, 2025 அக்டோபரில் இங்கிலாந்தில் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம், தனியார் வீடுகளிலேயே காரணமில்லாமல் காலி செய்யச் சொல்வதற்கு முற்றுப்புள்ளி வைக்கிறது. தனியார் வீட்டுக்கே அந்தப் பாதுகாப்பு வரும்போது கவுன்சில் வீட்டுக்குக் கால வரம்பை நியாயப்படுத்துவது இனி இன்னும் கடினம்.

ஆனால் 13 லட்சம் குடும்பங்களின் வரிசை அப்படியேதான் நிற்கிறது. புது வீடு கட்டாதவரை, யாரை எவ்வளவு நாள் வைத்திருப்பது என்ற கேள்வி திரும்பத் திரும்ப வந்துகொண்டேதான் இருக்கும்.