சுரங்க விபத்துகள் குறைந்தது எப்போது?

பிரிட்டன் நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களில் 1851 முதல் 1962 வரை, பத்துப் பேரோ அதற்கு மேலோ மாண்ட வெடி விபத்துகள் 191 நடந்தன. ஒவ்வொன்றின் தேதியும் வரிசையாகக் கிடைக்கிறது. முற்பகுதியில் விபத்துகள் நெருக்கமாக நடந்தன. பிற்பகுதியில் இடைவெளி விட்டு நடந்தன. மாற்றம் வந்தது எந்த ஆண்டில்?

இத்தகைய கேள்விக்கு வழி காட்டியவர் தாமஸ் பேய்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார். அவர் 1761-இல் காலமானார். அவருடைய கட்டுரையை 1763-இல் நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் வெளிக்கொணர்ந்தார். விஷயம் எளிதுதான். விடியற்காலையில் வானத்தைப் பார்த்து, இன்று மழை வரும், மரம் சீவ முடியாது என்று பாதி நம்புகிறோம். இடி கேட்டால் நம்பிக்கை கூடுகிறது. மேகம் கலைந்தால் குறைகிறது. இந்தக் கூடுதல் குறைவுக்குக் கணக்கு வகுத்தார் பேய்ஸ்.

1986-இல் ராஃப்டரி, அக்மன் என்ற இருவர் இம்முறையில் அந்த 191 தேதிகளை ஆராய்ந்தார்கள். எந்த ஆண்டிலும் மாற்றம் வந்திருக்கலாம் என்று முதலில் வைத்துக்கொண்டு, தேதிகள் எந்த ஆண்டுக்குச் சாட்சி சொல்கின்றன என்று நிறுத்துப் பார்த்தார்கள். 1890-ஐ ஒட்டித் தராசு தாழ்ந்தது. அதற்கு முன் ஆண்டுக்குச் சுமார் மூன்று விபத்துகள். பின்னர் சுமார் ஒன்று. சில ஆண்டுகள் முன்பின் இருக்கலாம் என்பதையும் அந்தக் கணக்கே கூறிவிடுகிறது. எனக்குப் பிடித்தது இந்த நேர்மைதான்.

அந்நாட்டில் சுரங்க ஒழுங்குமுறைச் சட்டம் ஒன்று 1887-இல் வந்தது. சுரங்கத் தொழிலாளர் சம்மேளனம் 1889-இல் அமைந்தது. இவைதாம் காரணமென்று தேதிகளை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அக்காலச் சட்ட ஏடுகளையும் சங்க ஏடுகளையும் புரட்டியாக வேண்டும்.